எலிசெ ரிக்டர் பத்தி தெரிஞ்சவங்க இருக்கீங்களா? ஏன் கடைசி வரைக்கும் முழு புரொஃபசர் ஆகல?

மொழிப்பித்து:
வணக்கம். எம்.ஏ. பிரெஞ்சு பண்றேன். செமினாருக்கு மொழி ஆராய்ச்சில இருந்த பெண் பேராசிரியர் ஒருத்தரை எடுத்துப் பேசணும், எனக்கு வந்தது வியன்னாவோட எலிசெ ரிக்டர். தேடினா எங்க பாத்தாலும் ஆஸ்திரியால முதல்முதலா புரொஃபசர் பட்டம் வாங்குன பெண்ணுன்னு ஒரு வரி, அடுத்த வரிலயே நாஜி கேம்ப்ல இறந்துட்டாங்கன்னு முடிச்சிடறாங்க. நடுவுல இருக்கற வாழ்க்கை எங்கப்பா போச்சு? 1907லயே கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சவங்க, ரிட்டையர் ஆகற வயசு தாண்டியும் முழு புரொஃபசர் ஆகலைங்கறாங்க. வேலை சரியில்லையா இல்ல வேற ஏதாவதா? யாராவது விளக்கமா சொன்னா புண்ணியமா போகும்.

பழைய_கிராமரியன்:
வேலைல ஒரு குறையும் இல்ல. அங்க இருந்த சிஸ்டத்தை முதல்ல புரிஞ்சுக்கங்க. ஹாபிலிட்டேஷன்னு ஒண்ணு, பிஎச்டிக்கு மேல இன்னொரு பெரிய ஆராய்ச்சி எழுதி ஃபேகல்ட்டி ஒத்துக்கிட்டா கிளாஸ் எடுக்கற உரிமை கிடைக்கும், பிரிவாட்டோட்சென்ட்னு பேரு. உரிமை மட்டும் தான், சம்பளம் கிடையாது, கிளாஸுக்கு வர்ற ஸ்டூடன்ட்ஸ் கட்டற ஃபீஸ்ல ஒரு பங்கு வரும் அவ்ளோதான். ரிக்டருக்கு 1905லயே ஃபேகல்ட்டி ஓகே பண்ணிடுச்சு, ஆனா மினிஸ்ட்ரி கையெழுத்து போட 1907 ஆயிடுச்சு, ஒரு பொம்பளை ஆம்பளை பசங்களுக்கு பாடம் எடுக்கறதா அப்படிங்கற பேச்சு தான் காரணம். அப்ப அவங்களுக்கு வயசு 42.

இன்னும் பின்னாடி போங்க. 1865ல பொறந்தாங்க, அப்பா ரயில்வே கம்பெனில தலைமை டாக்டர், வசதியான குடும்பம். பொண்ணுங்களை ஸ்கூலுக்கு அனுப்பல, வீட்டுலயே ஒரு ஜெர்மன் டீச்சரம்மா வச்சு சொல்லிக் குடுத்தாங்க. இருபது வயசு தாண்டறதுக்குள்ள வாத நோய் வேற பிடிச்சுக்கிச்சு, வாழ்க்கை முழுக்க அது விடல. அப்புறம் 1897ல ஒரு ஆம்பளை பசங்க ஸ்கூல்ல பிரைவேட் கேண்டிடேட்டா மட்டூரா பரீட்சை எழுதி பாஸ் பண்ணாங்க, நம்ம பிளஸ் டூ மாதிரின்னு வச்சுக்கங்க, 32 வயசுல! அதே வருஷம் தான் வியன்னா யூனிவர்சிட்டியோட ஃபிலாசஃபி ஃபேகல்ட்டி பெண்களை சேத்துக்க ஆரம்பிச்சது. மொழியும் அந்த ஃபேகல்ட்டில தான் வரும். முஸ்ஸாஃபியா, மையர்-ல்யூப்கே ரெண்டு பேர்கிட்டயும் படிச்சாங்க, ரோமான்ஸ் மொழி, அதாவது லத்தீன்ல இருந்து வந்த பிரெஞ்சு, இத்தாலியன் மாதிரி மொழிங்க, அந்த ஆராய்ச்சில அன்னைக்கு பெரிய தலைங்க அவங்க. 1901ல டாக்டர் பட்டம்.

1921ல அசாதாரண புரொஃபசர்ங்கற பட்டம் குடுத்தாங்க, முழு புரொஃபசருக்கு ஒரு படி கீழ. நீங்க படிச்ச அந்த வரி இதை வச்சு தான். பட்டம் தான், பதவியும் இல்ல சம்பளமும் இல்ல. சம்பளத்தோட ஒரு லெக்சர் வேலை கிடைச்சது 1927ல, ஆரம்பிச்சு இருபது வருஷம் கழிச்சு.

கடலோரம்_77:
அப்ப இருபது வருஷம் சோத்துக்கு என்ன பண்ணாங்க? அப்பா சொத்து தானே. வசதி இல்லாத பொண்ணு ஒருத்தி இதே அறிவோட இருந்திருந்தா இந்த கதையே நமக்கு தெரிஞ்சிருக்காது, அதையும் செமினார்ல சொல்லுங்க. முதல் உலகப்போருக்கு அப்புறம் ஆஸ்திரியால காசுக்கு மதிப்பே இல்லாம போனப்ப அந்த சேமிப்பும் கரைஞ்சிடுச்சு. அதனால 1921 பட்டத்தை பாராட்டா மட்டும் பாக்காதீங்க, கையில காசு இல்லாத நேரத்துல வெறும் பேரை மட்டும் குடுத்திருக்காங்க.

தேன்மொழி_டீச்சர்:
என்ன ஆராய்ச்சின்னு யாருமே சொல்லலையே மக்களே. லத்தீன்ல வார்த்தைகளை முன்ன பின்ன போட்டாலும் அர்த்தம் மாறாது, விகுதி காப்பாத்திடும், பிரெஞ்சுல அப்படி முடியாது. இந்த வரிசை எப்படி மாறி வந்துச்சுங்கறது தான் அவங்க டாக்டர் பட்ட ஆராய்ச்சி, 1903ல புக்கா வந்துச்சு. அப்புறம் மெதுவா உச்சரிப்பு பக்கம் போனாங்க. நாம எப்படி பேசறோம்னு ஜெனரல் பப்ளிக்குக்கு ஆறு லெக்சர் குடுத்து அதையும் 1912ல புக்கா போட்டாங்க. எனக்கு ரொம்ப பிடிச்சது 1934ல வந்தது: பிரெஞ்சு ஒலிகள் எட்டாம் நூற்றாண்டு முடியற வரைக்கும் எது முதல்ல மாறுச்சு எது அப்புறம் மாறுச்சுன்னு காலவரிசையா அடுக்கறாங்க, அறுபத்தி ஒம்பது வயசுல! நீங்க பிரெஞ்சு ஸ்டூடன்ட்டுன்னா இதை வச்சே செமினார் பாதியை ஓட்டிடலாம்.

1922ல ஆஸ்திரிய பட்டதாரி பெண்கள் சங்கம் ஆரம்பிச்சு 1930 வரைக்கும் தலைவியா இருந்ததும் அவங்க தான்.

மழைநாள்:
கம்பேர் பண்ண ஒரு ஆள் வேணும்னா மில்ட்ரெட் போப் பாருங்க. ஆக்ஸ்ஃபோர்டு சாமர்வில் காலேஜ்ல பழைய பிரெஞ்சு நடத்துனவங்க. 1903ல டாக்டர் பட்டத்தை பாரிஸ்ல வாங்கிட்டாங்க, ஆனா ஆக்ஸ்ஃபோர்டு பெண்களுக்கு டிகிரி குடுக்க ஆரம்பிச்சதே 1920ல தான், அதுவரைக்கும் தான் பாடம் நடத்தற யூனிவர்சிட்டியோட டிகிரி தன்கிட்டயே இல்ல. 1934ல மான்செஸ்டர்ல முழு புரொஃபசர் ஆனாங்க. அதே வருஷம் ரிக்டர் வியன்னால வெறும் பட்டமும் ஒரு லெக்சர் வேலையுமா உக்காந்திருக்காங்க.

மொழிப்பித்து:
எல்லாருக்கும் நன்றி, கண்ணு தெறந்துச்சு. 1938ல ஹிட்லர் ஆளுங்க உள்ள வந்தப்ப அவங்களுக்கு 73 வயசு. ஏன் வெளிய போகல?

கடலோரம்_77:
அக்காவை விட்டுட்டா? ஹெலனே அப்ப எழுபத்தி ஆறு. ரெண்டு பேருமே கல்யாணம் பண்ணிக்கல, கடைசி வரைக்கும் ஒண்ணா தான் இருந்தாங்க. ஆனா என்னைக் கேட்டா 38லயே கிளம்பியிருக்கணும்.

பழைய_கிராமரியன்:
இங்க உக்காந்துட்டு கிளம்பியிருக்கணும்னு சொல்றது ஈஸி சார். எழுபது தாண்டின நோயாளி, பொறந்து வளந்த ஊரு, வீடு முழுக்க புக்கு. யூதக் குடும்பம்னு கிளாஸ் எடுக்கற உரிமையை பறிச்சாங்க, லைப்ரரிக்குள்ள நுழையக்கூடாதுன்னாங்க, அப்பவும் வீட்டுலயே எழுதிட்டிருந்தாங்க. 1940ல சுயசரிதையை முடிச்சாங்க, அது அச்சுல வந்தது 1997ல. வீட்டு லைப்ரரி நெருக்கடில ஜெர்மனியோட கொலோன் யூனிவர்சிட்டி லைப்ரரிக்கு போச்சு. 1942 அக்டோபர்ல ரெண்டு பேரையும் தெரேசியன்ஷ்டாட் கேம்ப்புக்கு கொண்டு போனாங்க, அடுத்த மாசமே அக்கா இறந்துட்டாங்க, எலிசெ 1943 ஜூன்ல. அந்த புக்குங்க எதுன்னு கொலோன்காரங்க பல வருஷம் கழிச்சு அலமாரி அலமாரியா தேடி அடையாளம் கண்டாங்க.

தேன்மொழி_டீச்சர்:
ஹெலனேவையும் சேத்துக்கங்க மொழிப்பித்து. யூனிவர்சிட்டில டிகிரி எதுவும் வாங்காம இங்கிலீஷ் கவிஞர்கள் ஷெல்லி, பைரன் பத்தியெல்லாம் எழுதி 1931ல ஹைடல்பெர்க் யூனிவர்சிட்டியோட கௌரவ டாக்டர் பட்டம் வாங்குனவங்க. செமினார்ல அஞ்சு நிமிஷம் தாராளமா குடுக்கலாம். சுயசரிதை ஜெர்மன்ல இருக்கு, உங்க டிபார்ட்மென்ட்ல ஜெர்மன் தெரிஞ்ச யாரையாவது இப்பவே பிடிச்சு வச்சுக்கங்க.