டென்சர்னா வெறும் எண் பெட்டியா?

கேத்தி மாணவி:
எம்.எஸ்சி. இயற்பியல் முதல் வருஷம். "ஆய அச்சை மாற்றும்போது டென்சரைப் போல மாறுவது டென்சர்"னு வகுப்புல எழுதிப் போட்டாங்க. இட்லின்னா என்னன்னு கேட்டா இட்லி மாதிரி இருக்கறதுன்னு சொன்ன கதை. யாராவது புரியற மாதிரி சொல்லுங்களேன்.

குன்னூர் கோடர்:
ரொம்ப சிம்பிள்மா. ஒத்த எண் ஸ்கேலார். வரிசையா வெச்சா வெக்டர். கட்டம் போட்டா மேட்ரிக்ஸ். கட்டத்து மேல கட்டமா அடுக்கினா டென்சர். ஏ.ஐ. மாடல் எழுதற மென்பொருள்கள் இருக்கே, 2015-ல வந்த டென்சர்ஃப்ளோ, அப்புறம் பைடார்ச், எல்லாம் இப்படித்தான் சொல்லுது. என் சம்பளமே அதுலதான் வருது.

முத்தோரை வாத்தியார்:
தம்பி, குன்னூர் ஏலத்துல போன தேயிலை விலையை வாரம், ரகம், தோட்டம்னு மூணு பக்கமா அடுக்குங்க. எண் பெட்டி ரெடி. இப்ப அச்சை 30 டிகிரி சாய்க்கச் சொன்னா எதைச் சாய்ப்பீங்க? முக்கால் வாரம், கால் ரகமா?

குன்னூர் கோடர்:
பேரு வெச்சது நான் இல்லையே சார்.

மண்வெட்டி:
குறுக்கே பேசறதுக்கு மன்னிக்கணும், நான் ரோட்டு வேலை பார்க்கற சிவில்காரன். கோத்தகிரி ரோட்டுச் சரிவு ஒண்ணை நினைச்சுக்குங்க. தரைக்கு அடியில ஒரு புள்ளி. மேல இருக்கற மண்ணோட பாரம் செங்குத்தா 100 கிலோபாஸ்கல் (அழுத்தத்தோட அலகு), பக்கவாட்டுல 50னு வெச்சுக்குவோம். அச்சு நேரா நின்னா கட்டத்துல 100, 50, மிச்ச ரெண்டும் பூஜ்யம். அதே அச்சை 30 டிகிரி சரிவுக்கு இணையாத் திருப்புங்க: 87.5, 62.5, பூஜ்யம் இருந்த ரெண்டு இடத்துலயும் 21.65. அதுதான் ஷியர், மண்ணைச் சறுக்க வைக்கறது. ஆனா மண்ணு ஒரு துளி அசையலை, நாம தலையைச் சாய்ச்சுப் பார்த்தோம், அவ்வளவுதான். மூலைவிட்டத்தைக் கூட்டினா அப்பவும் 150, இப்பவும் 150. அணிக்கோவை, அதாவது மூலைவிட்டத்து ரெண்டையும் பெருக்கி, அதுல இருந்து மிச்ச ரெண்டோட பெருக்கலைக் கழிச்சா வர்றது, ரெண்டு தடவையும் 5,000.

இதுல மழையைச் சேருங்க. மண்ணுக்குள்ள ஊறின தண்ணியோட அழுத்தம் 20னா, எப்படித் திருப்பினாலும் அதே 20தான், அதுக்கு ஷியரே கிடையாது. அதனால மண் துகள்களை ஒண்ணோட ஒண்ணு அழுத்திப் பிடிக்கற 87.5 இப்ப 67.5 ஆகுது, 62.5-ம் 42.5 ஆகுது, ஷியர் 21.65 மட்டும் அப்படியே நிக்குது. பிடிமானம் குறையுது, இழுப்பு குறையலை. நவம்பர்ல இங்க ரோடு ஏன் சரியுதுன்னு கேட்டா நான் இந்தக் கட்டத்தைத்தான் காட்டுவேன்.

குன்னூர் கோடர்:
அண்ணே, நீங்களும் கட்டம் போட்டுத்தானே காட்டினீங்க!

முத்தோரை வாத்தியார்:
தொட்டபெட்டாவை 2,637 மீட்டர்ங்கறோம், அடியில சொன்னா 8,650க்கு மேல. எண் பெருசானதும் மலை வளர்ந்துடுச்சா? மண்வெட்டி போட்ட கட்டம் காட்டறது தகைவு டென்சரை, அதாவது பொருளுக்குள்ள பரப்புக்கு எவ்வளவு விசைங்கறதை. அது ஒரு கருவி. ஒரு திசையைக் கொடுத்தா, அந்தத் திசைக்குச் செங்குத்தா இருக்கற தளத்துல என்ன விசை விழுதுன்னு சொல்லும். திசையனை, அதாவது வெக்டரை, இரட்டிச்சா விடையும் இரட்டிக்கும், ரெண்டைக் கூட்டிக் கொடுத்தா விடையும் கூடி வரும். அச்சே வேண்டாம். ஜெர்மன் இயற்பியலாளர் வோய்க்ட் 1898-ல படிகங்களைப் பத்தி எழுதினப்போ இந்தப் பொருள்லதான் டென்சர்ங்கற சொல்லை எடுத்தார். லத்தீன் வேருக்கு இழுப்பதுன்னு அர்த்தம்.

குன்னூர் கோடர்:
வோய்க்ட் காலத்துல கம்ப்யூட்டர்னா கணக்குப் போடற மனுஷன் சார். சொல்லு மாறும்.

கேத்தி மாணவி:
45 டிகிரிக்குப் போட்டுப் பார்த்தேன். 75, 75, ஷியர் 25. கூட்டினா 150, அணிக்கோவை 5,000. நிஜமாவே மாறலை!

குன்னூர் கோடர்:
நானும் பைடார்ச்ல ஓட்டினேன், அதே விடை. ஒண்ணு ஒத்துக்கறேன்: எப்படித் திருப்பணும்னு அந்தக் கட்டத்துக்குத் தெரியலை. சுழற்சி அணியை இடது பக்கம் ஒரு தடவை, வலது பக்கம் ஒரு தடவைன்னு நானேதான் பெருக்க வேண்டியிருந்துச்சு.

முத்தோரை வாத்தியார்:
வெக்டரா இருந்தா எத்தனை தடவை பெருக்கியிருப்பீங்க?

குன்னூர் கோடர்:
ஒரு தடவை. ஸ்கேலாருக்குத் தேவையே இல்லை.

கேத்தி மாணவி:
ஓ! இரண்டாம் வரிசை டென்சர்னு புத்தகத்துல போட்டிருக்கற அந்த இரண்டு இதுதானா?