புதுப்பிப்பு: ராயபுரம் பரணில் கிடைத்த மடிப்பு கேமரா

தாத்தாவின் ஃபோக்ட்லேண்டர் பெஸ்ஸா 2 கேமரா என்ன விலை போகும் என்று முன்பு கேட்டிருந்தேன். லென்ஸைச் சுற்றி எழுதியிருப்பதை முதலில் படிக்கச் சொன்னீர்கள். படித்தாச்சு: கலர்-ஸ்கோபார், 105 மி.மீ.

1950-இல் வந்த இந்த மாடலில் கலர்-ஸ்கோபார், ஹெலியார், அப்போ-லாந்தார் என மூன்று லென்ஸ்கள் உண்டு. உடம்பு ஒன்றுதான், விலையை முடிவு செய்வது லென்ஸ். முகப்பில் சிவப்பு, பச்சை, நீல வளையம் போட்ட அப்போ-லாந்தார் அபூர்வம். சேகரிப்பவர்கள் அதற்குத்தான் பல மடங்கு தருகிறார்கள். நம்முடையதற்கு அந்த விலை வராது. ஆனால் படம் அருமையாக விழும் லென்ஸ், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு பெல்லோஸுக்குள் (லென்ஸையும் உடம்பையும் இணைக்கும் துருத்தி மாதிரியான மடிப்பு) டார்ச் அடித்துப் பார்த்தேன். மடிப்பு மூலைகளில்கூட வெளிச்சம் கசியவில்லை. இந்தக் கடற்காற்றில் இத்தனை வருஷம் தாங்கியிருக்கிறதே! தூரம் பார்த்து ஃபோகஸ் செய்ய உதவும் ரேஞ்ச்ஃபைண்டரும் சரி. லென்ஸ் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பூஞ்சை. அது கண்ணாடியை அரித்துவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது, மதிப்பும் இறங்கிவிடும்.

விற்கப்போவதில்லை. இதற்குப் போடும் 120 அளவு ரோல் ஃபிலிம் இன்னும் கிடைக்கிறது, ரோலுக்கு எட்டுப் படம். காசிமேட்டில் எடுக்க ஆசை. தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் பழைய லென்ஸைப் பக்குவமாகக் கழற்றத் தெரிந்த மெக்கானிக் இருந்தால் சொல்லுங்க.