டோர் பீடிங், மழை வைசர் வீட்டிலேயே ஒட்டலாமா? கடையில் ஸ்க்ரூ போடணும்கிறாங்க

வெண்ணாற்றுக்காரன் (நீடாமங்கலம்)

வணக்கம். போன மாசம் ஒரு பழைய ஹேட்ச்பேக் வாங்கினேன். வெள்ளைக் கலர், அஞ்சு வருஷம் ஓடினது. கதவுக்குப் பக்கவாட்டு பீடிங் (இடிபடாம இருக்க நீளவாக்குல ஒட்டுற பட்டை), ஜன்னல் கண்ணாடிக்கு மேல ஒட்டுற மழை வைசர் நாலு, டிக்கிக்கு ஒரு குரோம் பட்டை, சக்கரத்துக்கு மேல இருக்கிற வீல் ஆர்ச்சுக்குக் கறுப்பு பிளாஸ்டிக் வளைவு, எல்லாம் வாங்கி வெச்சாச்சு. மாட்டுறதுக்குக் கடைக்குப் போனா, வேலை பாக்குற தம்பி டிரில்லிங் மெஷினைக் கையில எடுத்துட்டார். "டேப் மட்டும் நிக்காது சார், ஓரத்துக்கு ரெண்டு ஸ்க்ரூ போட்டுடலாம்"னார். மனசு ஒப்பலை, திரும்பி வந்துட்டேன்.

மச்சான் ஒருபடி மேலே போய், எதையுமே ஒட்டாதீங்க, அடியில தண்ணி நின்னு துரு பிடிக்கும்கிறார். புரட்டாசி முடியப்போவுது. மழை பிடிக்கிறதுக்கு முன்னாடி, வர்ற ஞாயிறு வாசல்ல வெச்சு நானே ஒட்டிடலாம்னு இருக்கேன். செய்யலாமா, விட்டுடலாமா?

பட்டறைவாசல் (கும்பகோணம்)

தம்பி, உங்க மச்சான் சொல்றதுதான் சரி. டிங்கரிங் வேலையில நான் இருபது வருஷத்துக்கு மேல இருக்கேன். வருஷா வருஷம் தை மாசம் பட்டறைக்கு வர்ற வண்டியில பீடிங்கைப் பிரிச்சா, அடியில காபித்தூள் கலர்ல ஒரு கோடு இருக்கும். ஸ்க்ரூ போட்ட இடத்தைச் சுத்தி பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா எழும்பி நிக்கும். விரலால அழுத்தினா பொத்துன்னு உள்ளே போவும்.

கம்பெனியில மொத்த பாடியையும் பிரைமர் தொட்டியில முக்கி, கரன்ட் விட்டு, இண்டு இடுக்கெல்லாம் பூச்சு பிடிக்க வெக்கிறாங்க. கதவுத் தகடு முக்கால் மில்லிமீட்டர்தான் இருக்கும். அதுல ஓட்டை போட்டா, அந்த ஓட்டையோட விளிம்பு வெறும் இரும்பு. மறுபடி எந்தத் தொட்டியில முக்குவீங்க? அழகுக்குன்னு வாங்கினதே வண்டியைத் தின்னுடும். வேணாம்.

காலைவெயில் (தஞ்சாவூர்)

அண்ணன் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். குற்றவாளி அந்த ஓட்டைதான், பீடிங் இல்லை. முழு நீளத்துக்கும் டேப் இடைவெளி விடாமல் பிடித்திருந்தால், பெயிண்டுக்கும் பட்டைக்கும் நடுவே தண்ணீர் போக வழியே கிடையாது. பாதி பிடித்துப் பாதி தூக்கிக்கொண்டிருந்தால்தான் சேறு உள்ளே போய் உட்காரும். அதனால் "ஒட்டலாமா" என்பதை விட "எப்படி ஒட்டினோம்" என்பதுதான் பெரிய கேள்வி.

வீட்டில் செய்வதே நல்லது என்று உறுதியாகச் சொல்வேன். இந்த வேலைக்குத் திறமையை விட நேரம்தான் அதிகம் வேண்டும். இரண்டு பக்கமும் ஒட்டும் அக்ரிலிக் ஃபோம் டேப் (3எம் கம்பெனியின் விஎச்பி போன்றது) ஒட்டிய இருபது நிமிடத்தில் பாதி பிடிமானம்தான் வரும். ஒரு நாளில் சுமார் 90 சதவீதம், முழுப் பிடிமானத்துக்கு 72 மணி நேரம். கடையில் ஒட்டிவிட்டு அரை மணியில் ரோட்டில் ஏற்றி, அப்படியே வாட்டர் வாஷுக்கும் விட்டால் எப்படி நிற்கும்? நிற்காததால் ஸ்க்ரூ. அந்த ஸ்க்ரூ அவசரத்துக்குக் கொடுக்கிற விலை.

கடைவீதி (மன்னார்குடி)

நான் கடைக்காரன் பக்கம் பேசுறேன். அக்சசரீஸ் மாட்டுற வேலைதான் எனக்குச் சோறு போடுது. சார் சொல்ற 72 மணி நேரம் எங்களுக்கும் தெரியும். ஆனா வர்றவங்க டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிக்கணும்கிறாங்க. மறுநாள் கல்யாணத்துக்குப் போவணும், இன்னைக்கே வேணும்பாங்க. அடுத்த வாரம் ஓரம் தூக்கிட்டா எங்க கடையைத்தான் திட்டுவாங்க.

இன்னொண்ணு, வீட்ல ஒட்டின வைசர் ரோட்ல 80 வேகத்துல பிச்சுக்கிட்டுப் பறந்ததை என் கண்ணால பாத்திருக்கேன். பின்னாடி பைக்ல குழந்தையை வெச்சுக்கிட்டு ஒருத்தர் வந்துக்கிட்டிருந்தார். மயிரிழையில தப்பிச்சார். அதைப் பாத்ததுலேருந்து முன்கதவு வைசருக்கு நான் கிளிப் இல்லாம மாட்டுறதே இல்லை. உங்க பெயிண்ட் போனா உங்க காசு. வைசர் பறந்தா அடுத்தவன் உயிர்.

காலைவெயில் (தஞ்சாவூர்)

இது முக்கியமான பேச்சு. நீங்கள் சொல்லும் கிளிப், கண்ணாடி ரப்பர் சட்டத்தில் மாட்டுவதுதானே? அதற்கு ஓட்டை வேண்டாம். வைசரோடு கொடுத்திருந்தால் கட்டாயம் போடட்டும். நான் எதிர்ப்பது டிரில்லிங்கை மட்டும்தான்.

அந்த வைசர் ஏன் பறந்திருக்கும் என்றும் யோசிக்க வேண்டும். அநேகமாக மூன்றில் ஒன்று: கார் பாலிஷின் சிலிக்கான் படலம் மேலேயே ஒட்டியது, பெட்ரோலால் துடைத்தது, அல்லது உடனடிப் பசை போட்டது.

பெட்ரோல் எண்ணெய்ப் படலம் விட்டுப் போகும். தின்னர் பெயிண்டையே கரைக்கும். சரியான முறை, ஷாம்பு போட்டுக் கழுவிக் காயவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து இரண்டு தடவை துடைப்பது. மொபைல் சர்வீஸ் செய்கிறவர்களிடம் கேட்டால் கிடைக்குமிடம் சொல்வார்கள். வேஸ்ட் பஞ்சு வேண்டாம், நூல் விடும்.

உடனடிப் பசை ஏன் ஆகாது என்பதற்குக் கணக்கே இருக்கிறது. விடியற்காலை 25 டிகிரியில் இருக்கும் கதவு, சித்திரை வெயிலில் 65 டிகிரி வரை போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் ஏபிஎஸ் பிளாஸ்டிக் பட்டை அந்த 40 டிகிரிக்கு 3 மில்லிமீட்டர் போல நீளும். அதன் அடியிலிருக்கும் இரும்புத் தகடு அரை மில்லிமீட்டர்தான் நீளும். இந்த இழுபறியை தினமும் யாராவது தாங்க வேண்டும். ஃபோம் டேப் பஞ்சு போல இழுபட்டுத் தாங்கும். உடனடிப் பசை கண்ணாடி மாதிரி இறுகி, விரிசல் விட்டுவிடும். இரண்டு முனையிலும் ஸ்க்ரூ அடித்து இறுக்கினால் பட்டைக்கு நீள இடமில்லாமல் நடுவில் வளைந்து எழும்பும். அந்த இடைவெளியில்தான் அண்ணன் சொன்ன காபித்தூள் கோடு பிறக்கிறது.

உப்புக்காற்று (நாகப்பட்டினம்)

தஞ்சாவூர்க் கணக்கு எங்க ஊருக்குப் பத்தாது. வேதாரண்யம், வேளாங்கண்ணி, நாகூர்ப் பக்கம் ஓடுற வண்டிக்கு உப்பு காத்துலேயே வருது. என் வண்டியில குரோம் பட்டை ஒரே வருஷத்துல புள்ளி புள்ளியா கறுத்துட்டுது. தேய்ச்சாலும் போகலை.

வீல் ஆர்ச் வளைவை மட்டும் யார் சொன்னாலும் மாட்டாதீங்க. சம்பா நடவு சமயத்துல டிராக்டரோட கேஜ் வீல் (சேத்துல ஓட்ட மாட்டுற இரும்புச் சக்கரம்) வயலேருந்து களியை இழுத்தாந்து தார் ரோட்ல போடும். அந்தக் களி வளைவுக்குப் பின்னாடி போய் அடைஞ்சா ஒரு வாரம் ஆனாலும் காயாது. ஈரக்களியும் உப்பும் சேந்து தகட்டைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். வெளியில பாக்க வண்டி ஜம்முனு இருக்கும்.

பட்டறைவாசல் (கும்பகோணம்)

நாகைக்காரர் சொன்னதை அப்படியே எழுதி வெச்சுக்குங்க தம்பி. வீல் ஆர்ச் உள்மடிப்புலதான் முதல் துரு ஆரம்பிக்கும். கதவு விளிம்புக்குன்னு ஒரு ரப்பர் மாட்டுவாங்க பாருங்க, உள்ளே இரும்புப் பட்டை வெச்சது, அதுவும் அதே ஜாதிதான். கதவோட வெளித்தகட்டை உள்தகட்டு மேல மடிச்சு அடிச்சிருக்கிற இடம் அது. ரப்பர் தண்ணியைப் பிடிச்சு மடிப்புக்குள்ள அனுப்பும்.

கதவோட அடிவிளிம்பைக் குனிஞ்சு பாத்தா சின்னச் சின்னத் துளை இருக்கும். கண்ணாடி வழியா இறங்குற மழைத்தண்ணி அது வழியாத்தான் வெளியே போவணும். எதை ஒட்டினாலும் அதை மூடிடாதீங்க. துளை அடைச்ச கதவைத் திறந்து மூடினா, குடத்துத் தண்ணி மாதிரி உள்ளே சலசலன்னு கேக்கும்.

கமலாலயக்கரை (திருவாரூர்)

எல்லோரும் பீடிங்கை வெறும் அழகுப் பொருளாகவே பேசுகிறீர்கள். எனக்கு அது தேவை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோயில் என்று தினமும் நெருக்கிக்கொண்டு நிறுத்த வேண்டிய இடங்களுக்கே போகிறேன். ஆழித்தேர் சமயத்தில் திருவாரூரில் வண்டி நிறுத்தியவர்களுக்குத் தெரியும், பக்கத்துக் கார்க்கதவு நம் கதவில் எத்தனை தடவை இடிக்கும் என்று. ஒவ்வொரு இடியும் பெயிண்டில் ஒரு பிளவு. பட்டறை அண்ணன் பயப்படுகிற துரு அங்கேயும்தானே ஆரம்பிக்கும்?

நானும் என் மகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து ஒட்டினோம். இரண்டு வருடமாகிறது, ஓரம்கூடத் தூக்கவில்லை. தரையிலிருந்து அளந்து ஒட்டாதீர்கள். வாசல் தரை தண்ணீர் ஓட சரிவாகத்தான் போட்டிருப்பார்கள், பீடிங் ஒரு பக்கம் ஏறிப்போகும். கதவிலேயே நீளவாக்கில் ஓடும் மடிப்புக் கோட்டிலிருந்து (பாடி லைன்) அளக்க வேண்டும். முதலில் டேப்பை உரிக்காமல் மாஸ்கிங் டேப்பால் பிடித்து வைத்து, தெரு எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள். முன்கதவுப் பட்டையும் பின்கதவுப் பட்டையும் சந்திக்கும் இடத்தில் சிறிது இடைவெளி விட்டு, கதவைத் திறந்து மூடிப் பார்த்த பிறகுதான் உரிக்க வேண்டும். நாங்கள் முதல் தடவை வைத்ததில் பின்கதவு முட்டியது.

உரிக்கும்போது மொத்தமாக உரிக்காமல், இரண்டு முனையிலும் இரண்டு அங்குலம் மட்டும் உரித்து, அந்தத் தாள் வாலை வெளியே மடித்துவிட்டு வைத்தோம். இடம் சரியென்று தெரிந்ததும் மகள் வாலைப் பிடித்து மெதுவாக இழுக்க, நான் கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே வந்தேன். ரப்பர்ப் பட்டையாக இருந்தால் இழுத்து ஒட்டவே கூடாது. அது பழைய நீளத்துக்குச் சுருங்கி முனையைத் தூக்கிவிடும்.

பட்டறைவாசல் (கும்பகோணம்)

டீச்சர்னு நினைக்கிறேன், வணக்கம். நீங்க செஞ்ச விதத்துல குத்தம் சொல்ல ஒண்ணும் இல்லை. இடிபடுற கதவுக்கு பீடிங் நியாயம்தான், ஒத்துக்கிறேன். ஆனா உங்க வண்டி புதுசா வாங்கினதா இருக்கும். தம்பியோடது கைமாறி வந்தது. அந்தக் கதவு கம்பெனி பெயிண்ட்தானான்னு தெரியணும். மேல்பூச்சு அடிச்ச கதவுல இந்த டேப்பை ஒட்டி, பின்னாடி என்னைக்காவது எடுத்தா பெயிண்டும் சேந்து உரிஞ்சு வரும்.

தம்பி, ஃபிரிட்ஜ்ல ஒட்டுற சின்னக் காந்தத்தை மெல்லிசுத் துணியில சுத்தி, கதவு பூரா வெச்சுப் பாருங்க. பள்ளத்தை நிரப்புற பட்டி கனமா அடிச்ச இடத்துல காந்தம் சரியாப் பிடிக்காது.

வெண்ணாற்றுக்காரன் (நீடாமங்கலம்)

அண்ணே, வெச்சுப் பாத்தேன். மூணு கதவு நல்லாப் பிடிக்குது. இடது பின்கதவுல, கைப்பிடிக்குக் கீழே ஒரு முழ அகலத்துக்குக் காந்தம் வழுக்கி விழுது. வித்தவர் ஒரு கீறல்கூட இல்லைன்னு சொல்லித்தான் கொடுத்தார். ரொம்ப வருத்தமா இருக்கு. சரியா அந்த இடத்து மேலதான் பீடிங் வரும்.

கடைவீதி (மன்னார்குடி)

வருத்தப்படாதீங்க. பட்டி நல்லா பிடிச்சிருந்தா அதுபாட்டுக்கு இருக்கும். தாராளமா ஒட்டுங்க, பிரிக்காம இருந்தா போதும். மூணு கதவுல ஒட்டி ஒண்ணை விட்டா வண்டி பாக்க நல்லாவா இருக்கும்?

காலைவெயில் (தஞ்சாவூர்)

இந்த இடத்தில் நான் பட்டறை அண்ணன் பக்கம். டேப் பிடிப்பது மேல் பெயிண்டை. பெயிண்ட் பட்டியைப் பிடிக்கிறது, பட்டி தகட்டைப் பிடிக்கிறது. இதில் எது இளைத்ததோ அங்கேதான் விடும். அப்போது பறந்து விழுவது பீடிங் மட்டுமாக இருக்காது, நீங்களே சொன்ன ஆபத்துதான்.

அவசரமில்லாதபோது காத்திருக்கலாம். அந்தக் கதவைச் சரிசெய்து பெயிண்ட் அடித்தாலும் உடனே ஒட்டாமல் ஒரு மாதமாவது விட வேண்டும். அதற்குள் ஐப்பசி, கார்த்திகை அடைமழை வந்துவிடும். தையில் வைத்துக்கொள்ளுங்கள். டேப்புக்கு 21 முதல் 38 டிகிரி வரை தோது. நம் ஊரில் குளிர் ஒரு பிரச்சினையே இல்லை, வெயிலும் ஈரமும்தான். தை மாதக் காலையில் வண்டி மேல் பனி இறங்கியிருக்கும், அது முழுக்கக் காய்ந்து ஒன்பது மணியாவது ஆகட்டும். இன்னொன்று, பக்கத்து வயலில் அறுப்பு மெஷின் ஓடும் நாளில் டேப்பை உரிக்கவே கூடாது. நெல் சுணை முழுக்க அதில்தான் போய் ஒட்டும்.

வண்டிப்பாதை (பட்டுக்கோட்டை)

குறுக்கே ஒரு கேள்வி. முன்னாடி ஸ்டீல் பம்பர் கார்டு, கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம், இதையும் வீட்ல மாட்டலாமா?

காலைவெயில் (தஞ்சாவூர்)

இரண்டும் வேண்டாம். பம்பர் கார்டு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு எதிரானது என்று 2017 டிசம்பரிலேயே மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதலின்போது பம்பர் நசுங்கித் தாங்க வேண்டிய அடியை நேராக வண்டியின் இரும்புச் சட்டகத்துக்குக் கடத்திவிடும். எதிரே நடந்து போகிறவருக்கும் ஆபத்து. கறுப்பு ஃபிலிமை 2012இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது.

வெண்ணாற்றுக்காரன் (நீடாமங்கலம்)

எல்லாருக்கும் நன்றி. ஞாயித்துக்கிழமை வைசர் நாலும் நானே ஒட்டினேன், முன்கதவுக்குக் கிளிப்போட. மூணு நாள் கண்ணாடியை இறக்கவே இல்லை, வண்டியையும் கொட்டகையை விட்டு எடுக்கலை. நாலாம் நாள் ராத்திரி பூரா கொட்டித் தீத்துச்சு. காலையில ஒவ்வொண்ணா விரலால தடவிப் பாத்தேன், நாலும் அசையலை.

வீல் ஆர்ச் வளைவைக் கடையில திருப்பிக் கொடுத்துட்டேன். குரோம் பட்டை இன்னும் அட்டைப்பெட்டியிலயே கெடக்கு. இடது பின்கதவைக் காட்ட எப்ப வரலாம் அண்ணே?

பட்டறைவாசல் (கும்பகோணம்)

கார்த்திகை மழை விடட்டும் தம்பி. ஈரக்காத்துல பட்டி வெச்சா நிக்காது. மார்கழி நடுவுல ஒரு நாள் விடியக்காலையே கெளம்பி வாங்க, பழைய பட்டியைச் சுரண்டி எடுத்துத் தகட்டை உங்க கண்ணாலேயே பாத்துடுவோம். பீடிங்கையும் கொண்டாந்துடாதீங்க. பெயிண்ட் அடிச்ச கையோட ஒட்டச் சொல்லுவீங்க.