மரவாடியில் தேக்குச் சட்டம் திருட்டு: வங்கி போட்ட பாலிசியில் பணம் கிடைக்குமா?

மரவாடி_பண்ருட்டி:
பண்ருட்டி பக்கம் சின்ன மரவாடி வைத்திருக்கிறோம். ஓட்டுக் கொட்டகையில் தேக்கு, வேங்கைச் சட்டங்கள். எதிரே வாடகை மனையில் சவுக்கு, முந்திரி விறகு. சுற்றிலும் முள்கம்பி மட்டும்தான். போன வாரம் கொட்டகையிலிருந்து தேக்குச் சட்டங்கள் சில போய்விட்டன. பூட்டு அப்படியே இருக்கிறது, பின்பக்கம் சில ஓடுகள் விலகிக் கிடக்கின்றன. விறகும் இருப்புக் கணக்குக்கு 3 டன் குறைகிறது. சி.சி. கடனுக்காக (சரக்கை ஈடாக வைத்து எடுக்கும் கேஷ் கிரெடிட்) வங்கி போட்ட இன்ஷூரன்ஸ் பாலிசி இருக்கிறது. கேட்டால் "அது தீக்கு மட்டும்" என்கிறார்கள். நிஜமா?

பாலிசி_தாத்தா:
பாலிசியின் பெயர் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்று இருக்கும், பாருங்கள். 5 கோடி ரூபாய் வரையிலான சொத்துக்கு 2021 ஏப்ரலில் வந்தது. தீ, இடி, புயல், வெள்ளம், கலவரம் எல்லாம் உண்டு. திருட்டு என்றால், அப்படி ஒரு விபத்து நடந்த 7 நாளுக்குள் நடந்தால் மட்டும். வெறும் திருட்டுக்கு 'பர்கிளரி' பாலிசி தனி. ஆனால் வங்கிகள் பல சமயம் இரண்டையும் சேர்த்தே போட்டிருக்கும். கவுண்டரில் இருப்பவர் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள், ஷெட்யூலை, அதாவது எதற்கு, எந்த இடத்துக்கு, எவ்வளவு என்று எழுதியிருக்கும் பாலிசித் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

மரவாடி_பண்ருட்டி:
வாங்கிப் பார்த்தேன் ஐயா. பர்கிளரி 4 லட்சத்துக்கு இருக்கிறது. முகவரியில் கொட்டகையின் கதவு எண் மட்டும்.

பாலிசி_தாத்தா:
சரி, அப்படியென்றால் கம்பெனிக்கு இன்றே எழுத்தில் தகவல் கொடுங்கள். அந்த ஓடுகளைச் சர்வேயர் (நஷ்டத்தை மதிப்பிட கம்பெனி அனுப்பும் ஆள்) பார்க்கும் வரை தொடாதீர்கள். மழை வந்தால் மேலே தார்ப்பாய் போடுங்கள், அதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள். உடைத்து நுழைந்ததற்கு அடையாளம் இல்லாவிட்டால் பர்கிளரியில் காசு வராது. பூட்டு உடையாத உங்கள் கேஸில் அந்த ஓடுதான் சாட்சி.

அப்புறம், அன்றைக்குக் கொட்டகையில் இருந்த மொத்தச் சரக்கு 8 லட்சம் என்றால், 4 லட்சம் பாலிசி சரக்கில் பாதிக்குத்தான் ஆகிறது, அதனால் நஷ்டத்திலும் பாதிதான் தருவார்கள். போனது 1 லட்சம் என்றால் கையில் 50 ஆயிரம். அதுவும் முதலில் கடன் கணக்குக்குப் போகும்.

வக்கீல்_குமாஸ்தா:
ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீதோடு (புகார் வாங்கியதற்கு மட்டும் தரும் சீட்டு) திரும்பிவிடாதீர்கள், வழக்குப் பதிந்த எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். புகாரில் "மரம் காணவில்லை" என்று எழுதினால் போச்சு. "ஓட்டைப் பிரித்து இறங்கித் திருடியிருக்கிறார்கள்" என்று இருக்க வேண்டும். சரக்கு வைக்கும் கட்டடத்தில் திருட்டு என்பது பாரதிய நியாய சன்ஹிதாவில் (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றச் சட்டம்) பிரிவு 305. திறந்த மனையில் என்றால் 303.

சவுக்குத்தோப்பு:
விறகை இந்த க்ளெய்மில் சேர்க்காதீர்கள் அண்ணே. மனை பாலிசியிலேயே இல்லை. இருந்தாலும் பச்சையாக எடை போட்டு வாங்கிய சவுக்கு வெயிலில் காய்ந்து எடை இறங்கும், அது எல்லா வாடிக்கும் தெரிந்ததுதான். 3 டன்னில் திருட்டு எவ்வளவு, காய்ந்தது எவ்வளவு என்று சர்வேயர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? கணக்கெடுப்பில் தெரியவரும் காரணமில்லாத குறைவுக்குப் பர்கிளரியில் பணம் கிடையாது. அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் தேக்குக் கணக்கையும் சந்தேகப்படுவார்கள். தேக்குக்கு மட்டும் வாங்கிய பில், மரம் கொண்டுவந்த பெர்மிட்டின் நகல், அறுவைக் கூலி ரசீது, கன அடி எழுதிய நோட்டு எல்லாம் எடுத்து வையுங்கள்.

மரவாடி_பண்ருட்டி:
அப்படியே செய்கிறேன். விறகுக்கு இனி எப்படிப் போடுவது?

பாலிசி_தாத்தா:
புதுப்பிக்கும்போது மனையின் சர்வே எண்ணையும் 'திறந்தவெளிச் சரக்கு' என்பதையும் ஷெட்யூலில் எழுதச் சொல்லுங்கள். தீக்கு எடுப்பார்கள், பிரீமியம் கொஞ்சம் ஏறலாம். திருட்டுக்கு 'தெஃப்ட் எக்ஸ்டென்ஷன்' (உடைத்து நுழையாத திருட்டுக்கும் சேர்த்துப் போடுவது) கேட்டுப் பாருங்கள். முள்கம்பி வேலிக்கு அநேகமாக மறுப்பார்கள். என்னைக் கேட்டால், அந்தப் பிரீமியக் காசில் ஒரு விளக்கும் கேமராவும் மாட்டலாம்.