தாத்தா வீட்டுப் பிள்ளைகள்: ஞாயிறு ஆராதனை

மெர்சி: எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வருகிற ஞாயிறு மாலை ஆராதனை நம் குடும்பத்தின் பொறுப்பு. விசுவாசத்துக்காகத் துன்பப்பட்டு நாடு விட்டு வந்த போதகர்களுக்கு மரியாதை செய்யும் ஆராதனை. அப்படி வந்த ஒரு போதகர் குடும்பத்தோடு நம் விருந்தினராக வருகிறார். யார் எதைச் செய்வது என்று இன்றைக்கே பேசிவிடலாம்.

கிரேஸ் சித்தி: ஆமென்

டேவிட் சித்தப்பா: எத்தனை மணிக்கு?

மெர்சி: 6 மணி சித்தப்பா. மொத்தமே ஒரு மணி நேரம்தான்.

சாமுவேல் பெரியப்பா: நான் குறிப்பு எடுத்து வைத்திருக்கிறேன். 1685-இல் பிரான்சில் பதினான்காம் லூயி புராட்டஸ்டன்ட் சபைகளுக்கு இருந்த உரிமையை ரத்து செய்தான். மதம் மாறாத போதகர்கள் 15 நாளில் நாட்டை விட்டுப் போக வேண்டும். சபை மக்களோ போகவே கூடாது. தப்பி ஓடும்போது பிடிபட்ட ஆண்களுக்குக் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை. மேய்ப்பன் வெளியே, மந்தை உள்ளே. போதகர் தன் பிள்ளைகளில் ஏழு வயதுக்கு உட்பட்டவர்களை மட்டும்தான் கூட்டிக்கொண்டு போகலாம்.

கிரேஸ் சித்தி: எட்டு வயதுப் பிள்ளை என்றால்?

சாமுவேல் பெரியப்பா: விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

கிரேஸ் சித்தி: ஐயோ

சாமுவேல் பெரியப்பா: அதே வருஷம் அக்டோபரில் ஜெர்மனியின் பிராண்டன்பர்க்கை ஆண்ட பிரடெரிக் வில்லியம், போட்ஸ்டாமில் ஆணை போட்டு அந்த அகதிகளை வரவேற்றார். அடுத்து ருமேனியா. போதகர் ரிச்சர்ட் உம்பிராண்ட் ஐயர். 1948 பிப்ரவரி 29, ஞாயிற்றுக்கிழமை. ஆலயத்துக்கு நடந்து போகும் வழியிலேயே கம்யூனிஸ்ட் அரசின் ரகசியப் போலீஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு தடவையாக மொத்தம் 14 வருஷச் சிறை. தனிச் சிறையில் தினமும் இரவில் ஒரு பிரசங்கம் தயாரித்து, கேட்க ஆளே இல்லாமல் சொல்வாராம். கடைசியில் 10,000 டாலர் பணயத்தொகை கொடுத்து 1965-இல் அவரை வெளியே கொண்டு வந்தார்கள். அடுத்த வருஷம் வாஷிங்டனில் செனட் துணைக்குழு முன்னால் சட்டையைக் கழற்றித் தழும்புகளைக் காட்டினார்.

ஸ்டெல்லா அத்தை: அண்ணா, எத்தனை நிமிடம் பேசப் போகிறீர்கள்?

சாமுவேல் பெரியப்பா: 20

டேவிட் சித்தப்பா: அப்பா நினைவுக் கூட்டத்திலும் 20 என்றுதான் சொன்னீர்கள்.

ஜோயல்: 50 ஆனது மாமா. நான் கணக்குப் பார்த்தேன்.

கிரேஸ் சித்தி: *பல முறை அனுப்பப்பட்டது*
அவசர ஜெபம்!! ஆப்கானிஸ்தானில் 22 மிஷனரி குடும்பங்களுக்கு நாளை மதியம் மரண தண்டனை. உடனே எல்லாருக்கும் அனுப்புங்கள்.

ஜோயல்: அத்தை, இது 2009-இலிருந்தே சுற்றுகிற பொய்ச் செய்தி. அந்த "நாளை மதியம்" இன்னும் வரவே இல்லை.

கிரேஸ் சித்தி: ஜெபிக்கத்தானே சொன்னேன். அதிலும் தப்பா?

மெர்சி: ஜெபிப்பதில் தப்பே இல்லை சித்தி. ஆனால் 2007-இல் அங்கே தென்கொரியாவிலிருந்து போன 23 பேரைத் தாலிபான்கள் நிஜமாகவே கடத்தினார்கள். இரண்டு பேரைக் கொன்றார்கள், அதில் ஒருவர் போதகர். பொய்யைப் பத்துத் தடவை பார்த்தவர்கள் உண்மையாக நடந்ததையும் நம்ப மாட்டார்கள்.

கிரேஸ் சித்தி: சரி. எடுத்துவிடுகிறேன்.

டேவிட் சித்தப்பா: அழைப்பிதழ் அடிப்பீர்களா? போன தடவை என் பெயர் விட்டுப்போனது.

ஸ்டெல்லா அத்தை: இப்போது அது எதற்கு டேவிட்.

சாமுவேல் பெரியப்பா: மூன்றாவது சோவியத் ஒன்றியத்தில் சிறையில் இருந்த போதகர் ஜார்ஜி வின்ஸ். அவருடைய அப்பாவும் ஊழியர், கைதியாகவே உயிரிழந்தார். நம் அப்பா, சிறையில் இருப்பவர்களை நினைக்கச் சொல்லும் எபிரெயர் 13:3 வசனத்தின் பக்கத்தில் வின்ஸ் பெயரை எழுதி வைத்து ஜெபிப்பார். அந்த வேதாகமம் இருந்தால் ஆராதனையில் காட்டலாம். யார் வீட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

டேவிட் சித்தப்பா: தெரியாதா?

ஸ்டெல்லா அத்தை: என்னிடம்தான் இருக்கிறது. அப்பா என் கையில்தான் கொடுத்தார். எத்தனை தடவை சொல்வது அண்ணா.

ஸ்டெல்லா அத்தை: *(படம்)*

ஜோயல்: பென்சிலில் ஒன்பது பெயர். ஆறு பேருக்கு நேரே சின்னச் சிலுவை. வின்ஸுக்கு நேரே மட்டும் "27-4-79, வெளியே" என்று மையில் இருக்கிறது.

சாமுவேல் பெரியப்பா: அன்றைக்குத்தான் அவரையும் இன்னும் நான்கு பேரையும் நியூயார்க்கில் கொண்டு வந்து இறக்கினார்கள். பதிலுக்கு இரண்டு சோவியத் உளவாளிகளை அனுப்பினார்கள். அப்பா மையில் எழுதினார் என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

ஸ்டெல்லா அத்தை: ஞாயிறு கொண்டு வருகிறேன்.

ஸ்டெல்லா அத்தை: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

மெர்சி: அத்தை நன்றி, உடனே எடுத்துவிட்டீர்கள். யாராவது விருந்தினர் ஐயரின் அந்தப் படத்தைச் சேமித்திருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். அவருடைய முகமும் பெயரும் எந்தக் குழுவிலும் வரக் கூடாது. அவருடைய அம்மாவும் தம்பியும் இன்னும் அந்த நாட்டில்தான் இருக்கிறார்கள். இங்கே நாம் கைதட்டினால் அங்கே அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

ஜோயல்: அழித்துவிட்டேன் அக்கா

டேவிட் சித்தப்பா: நானும். அப்போது நினைவுப் பரிசில் என்ன பெயர் பொறிப்பது?

மெர்சி: பெயர் இல்லாமல். நேற்று ஐயர் வீட்டுக்குப் போயிருந்தேன். என்ன செய்தால் உங்களுக்கு மரியாதை என்று நேராகவே கேட்டேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அவருடைய மனைவிதான் சொன்னார்கள்: "இங்கே வந்ததிலிருந்து ஆறு சபைகளில் கூப்பிட்டார்கள். எல்லாரும் சிறையில் என்ன நடந்தது என்றுதான் கேட்டார்கள். பிரசங்கம் செய்யுங்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை."

மெர்சி: அவர் 19 வருஷம் போதகராக இருந்தவர். சிறையில் இருந்தது இரண்டரை வருஷம்தான்.

கிரேஸ் சித்தி: அவர் மொழியில் பேசினால் நமக்குப் புரியுமா?

மெர்சி: மகள் மொழிபெயர்ப்பாள். பதினான்கு வயது. கொஞ்சம் பயப்படுகிறாள்.

கிரேஸ் சித்தி: நான் பக்கத்தில் நிற்கிறேன். அந்த அம்மாவை எங்கே உட்கார வைக்கிறோம்? இரண்டரை வருஷம் சிறை வாசலுக்கு நடந்தது அவர்கள்தானே.

மெர்சி: முன்வரிசையில், உங்களோடு சித்தி.

ஸ்டெல்லா அத்தை: அண்ணா?

ஸ்டெல்லா அத்தை: அண்ணா, பார்த்துவிட்டீர்கள், நீல டிக் வருகிறது.

சாமுவேல் பெரியப்பா: என் 20 நிமிடத்தை அவருக்குக் கொடுத்துவிடுங்கள். அவர் பிரசங்கம் செய்யட்டும். ஆளே இல்லாத அறையில் பிரசங்கித்தவரைப் பற்றி நான் பேசிக்கொண்டிருக்க, பிரசங்கிக்கத் தெரிந்த ஒருவர் கீழே உட்கார்ந்திருக்கக் கூடாது.

மெர்சி: பெரியப்பா, நன்றி

சாமுவேல் பெரியப்பா: அந்த ஏழு வயதுப் பிள்ளைகளைப் பற்றி மட்டும் 3 நிமிடம் சொல்கிறேன்.

டேவிட் சித்தப்பா: 3?

சாமுவேல் பெரியப்பா: 5

ஜோயல்: வீடியோ எடுக்க வேண்டாம்தானே அக்கா?

மெர்சி: வேண்டாம். மற்றதை நாளை பேசலாம். பாட்டு யார் எடுக்கிறீர்கள் என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

டேவிட் சித்தப்பா: அழைப்பிதழ் உண்டா இல்லையா?