மெத்தட் டிரான்ஸ்ஃபர்: எச்.பி.எல்.சி. ரெசல்யூஷன் சிக்கல்

வாடிக்கையாளர் கம்பெனியின் இன்-ஹவுஸ் ரிலேட்டட் சப்ஸ்டன்சஸ் முறை (எச்.பி.எல்.சி. என்ற திரவப் பிரிப்புக் கருவியில் மருந்தின் மாசுகளை அளப்பது), சென்னையில் உள்ள எங்கள் ஒப்பந்த ஆய்வகத்தில் சிஸ்டம் சூட்டபிலிட்டியிலேயே (கருவி தகுதியாக ஓடுகிறதா என்ற முன்சோதனை) நிற்கிறது. முதல் இரண்டு இம்ப்யூரிட்டிகளுக்கு இடையே ரெசல்யூஷன் (இரண்டு பீக்குகள் எவ்வளவு பிரிந்து வருகின்றன என்ற அளவு) குறைந்தது 2.0 வேண்டும். அவர்களிடம் 2.6, எங்களிடம் 1.3. எல்லா பீக்கும் அரை நிமிடத்துக்கு மேல் தள்ளி வருகிறது.

முறையின் அமைப்பு: சி18 (பிரிப்புக் குழாய்), 150 × 4.6 மி.மீ., 3.5 மைக்ரான், ஃப்ளோ நிமிடத்துக்கு 1.0 மி.லி.; 35 டிகிரி; பாஸ்பேட் பஃபர், பிஎச் 2.5, ஆரம்ப ஹோல்டு 2 நிமிடம், பிறகு கிரேடியன்ட் (கரைப்பான் கலவையின் விகிதம் படிப்படியாக மாறுவது).

பஃபரைப் புதிதாகப் போட்டுப் பார்த்தோம். அவர்கள் ஓட்டிய சி18-ஐயே வாங்கி மாட்டினோம். மாற்றமில்லை. கடைசியில் சி18-ஐக் கழற்றி யூனியன் போட்டு, பி லைனில் (இரண்டாவது கரைப்பான் வழி) 0.1% அசிட்டோன் விட்டு ட்வெல் வால்யூம் (கரைப்பான்கள் கலக்கும் இடத்திலிருந்து குழாயின் வாய் வரை உள்ள கொள்ளளவு) அளந்தோம்: எங்கள் குவாட்டர்னரி பம்பில் 1.0 மி.லி., அவர்களின் பைனரியில் 0.4. கிரேடியன்ட் 0.6 நிமிடம் தாமதமாக வந்து சேர்வதுதான் காரணம். ஹோல்டை 1.4 நிமிடமாகக் குறைத்ததும் ரெசல்யூஷன் 2.5.

ஆனால் அவர்களின் க்யூ.ஏ. (தர உறுதிப் பிரிவு) இதை முறை மாற்றம் என்று சொல்லி முழு ரீவேலிடேஷன் (முறை சரியாக வேலை செய்கிறது என்று மறுபடி நிரூபிப்பது) கேட்கிறது. யு.எஸ்.பி. 621 (அமெரிக்க மருந்துத் தர நூலின் குரோமட்டோகிராபி அத்தியாயம்) இந்தத் திருத்தத்தை அனுமதிக்கிறதே என்றால், அது பார்மகோபியா (மருந்துத் தர நூல்) முறைகளுக்குத்தான் என்கிறார்கள். யார் முடிவு செய்வது என்று குவாலிட்டி அக்ரிமென்ட்டிலும் இல்லை.

புரோட்டோகால் அமெண்ட்மென்ட்டும் பார்ஷியல் வேலிடேஷனும் மட்டும் வைத்து இதை ஒப்புக்கொள்ள வைத்தவர்கள், எந்தெந்த பாராமீட்டர்களைச் செய்து காட்டினீர்கள்?