லேத் பட்டறைக்குள் ஓடி வந்த பச்சைக் குருவி, இது என்ன பறவை?

லேத்மேன்:
அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வேலை எனக்கு. இன்று காலை ஷட்டரைத் தூக்கியதும் ஒரு பறவை என் காலை உரசிக்கொண்டு உள்ளே ஓடி, இரும்புச் சுருள் போடும் டிரம்முக்குப் பின்னால் பதுங்கிவிட்டது. வெளியே மூன்று காகங்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் முதுகு பச்சை, இறக்கையில் பளிச்சென்று நீலம், வயிற்றுக்கு அடியில் ரத்தச் சிவப்பு, கண்ணை ஒட்டி மை தீட்டியது போல் கறுப்புப் பட்டை, வால் மொட்டையாக இருக்கிறது. மைனாவை விடச் சின்னது. பதினொரு வருடமாக இங்கே இருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை, இன்னும் படபடப்பு அடங்கவில்லை. யார் வீட்டிலிருந்தாவது தப்பி வந்ததா? பறக்க மாட்டேன் என்கிறது. தண்ணீர் கொடுக்கலாமா?

சருகுப்பாதை:
வளர்ப்புப் பறவை இல்லை, ஆறுமணிக்குருவி! இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு நம் பக்கமும் இலங்கைக்கும் வரும். அக்டோபரில் இப்படித்தான், ராத்திரி முழுக்கப் பறந்து களைத்து விடியற்காலையில் ஊருக்குள் இறங்கும், காகங்கள் விரட்டும். வாயில் தண்ணீர் ஊற்றவே வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அட்டைப்பெட்டியில் நாலைந்து ஓட்டை போட்டு, அடியில் துணி விரித்து உள்ளே விட்டு, சத்தமில்லாத இருட்டில் வையுங்கள். காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். இல்லையென்றால் காகங்கள் அடைந்த பிறகு மரம், புதர் உள்ள இடத்தில் விடுங்கள்.

நைட்டுட்யூட்டி:
நான் நர்ஸ். போன வருடம் எங்கள் மாடிப்படி ஜன்னல் கண்ணாடியில் மோதி ஒன்று கிடந்தது. கையில் எடுத்தபோது அந்த நெஞ்சுத் துடிப்பு விரலில் தெரிந்தது, எத்தனையோ நோயாளிகளுக்கு நாடி பார்த்திருக்கிறேன், அன்றைக்குத்தான் அழுகை வந்தது. ஒரு மணி நேரத்தில் தானாக எழுந்து போய்விட்டது. ஒன்று மட்டும், செல்ஃபி எடுக்க ஆட்களைக் கூட்டாதீர்கள், பயத்திலேயே செத்துவிடும்.

லேத்மேன்:
நன்றி. காயம் இல்லை. சாயங்காலம் பட்டறைக்குப் பின்னால் வேப்பமரங்கள் இருக்கிற காலி மனையில் பெட்டியைத் திறந்தோம். இரண்டு நிமிடம் அசையவில்லை, அப்புறம் குதித்து இறங்கி ஒரு சருகைப் புரட்டிப் போட்டுவிட்டுப் புதருக்குள் போனது. மறுநாள் காலை ஆறு மணிக்கு மிஷினைப் போடாமல் நின்றேன். அந்தப் பக்கத்திலிருந்து இரட்டை விசில் ஒன்று கேட்டது, வீஈட்-ட்யூ என்று. அதே குருவியா?

சருகுப்பாதை:
விசில் ஆறுமணிக்குருவியுடையதுதான், காலையும் மாலையும் அந்த நேரத்தில் கூப்பிடுவதால்தான் அந்தப் பெயர். சருகுக்கு அடியில் பூச்சி, புழு கிடைத்தால் மார்ச், ஏப்ரல் வரைகூடத் தங்கலாம். அந்த மனையில் சருகைக் கூட்டி எரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.